சி படிவம்

வெளிநாட்டார் வந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள்
சி படிவம் ஏற்றிவிட வேண்டும்.
பூம்பாறையில் நெட் நின்று நின்றுதான் வரும்.
கிவன் நேம், அதாவது கொடுத்த பெயர் என்ற கட்டத்தில்
கசுமி என்று அடித்தேன், திரை உறைந்தது.
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்,
அவளுடைய நனைந்த பூட்ஸுக்கு அடியில் நேற்றைய பேப்பர்.

காத்திருக்கையில் ஏதாவது பேச வேண்டுமே.
அர்த்தம் என்ன என்றேன்.
ஜன்னலைக் காட்டினாள்.
ஜன்னலில் ஒன்றும் இல்லை.
பூண்டு வயல் இல்லை, கோயில் கோபுரம் இல்லை,
தவணை முடியாத என் ஸ்கூட்டி இல்லை.
அதுதான், என்றாள்.

சரியாகச் சொன்னால் அது இல்லையாம்.
அவள் ஊரில் இளவேனிலில், தூரத்து மலையடியில்
எட்டிப் படுத்திருப்பதுதான் கசுமி.
இலையுதிர் காலத்தில் கிட்டே வந்து முகத்தை நனைப்பதற்குக்
கிரி என்று வேறு பெயர்.
எங்களுக்குக் கிரி என்றால் மலை, என்றேன்.
நோட்டில் குறித்துக்கொண்டாள்.
இரவானால் கசுமியே ஒபோரோ ஆகிவிடும்.
ஒரே ஈரம், ஷிப்டுக்கு ஒரு பெயர்.

இங்கே?
பனி.
காலையில் புல்மேல் இருப்பது?
பனி.
தை மாதம் உருளைக்கிழங்குச் செடியைக் கருக்குவது?
அதுவும்.
காஷ்மீரில் கொட்டுவது?
பனிதான்.
பாவம், ஒரே ஆள் எல்லா வேலையும் பார்க்கிறதே என்று சிரித்தாள்.
கண் பனிப்பதை நான் சொல்லவில்லை.
வந்த அன்றே எல்லாம் சொல்லிவிட முடியாது.

மன்னவனூர் மேட்டில் வலை கட்டி
மஞ்சை வடித்து அளக்க வந்தவள்.
சோலை மரம் ஓர் இரவில் எவ்வளவு குடிக்கிறது என்று கணக்கு.
முதல் வலையை மாடு தின்றது.
இரண்டாவது கொடுத்தது அறுபது மில்லி.
பெயருக்கு ஏற்ற வேலை என்றால் முகம் சுளிக்கிறாள்:
அம்மா நினைத்தது இந்த எழுத்தே இல்லையாம்.
அதே ஓசைக்கு, வாசனை என்றோர் எழுத்து, தெளிவு என்றோர் எழுத்து.
பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போன அப்பா
வரிசையில் நின்றே மறந்துபோய்
மூடுபனியின் ஒற்றை எழுத்தை எழுதிவிட்டு வந்தார்.

என் அப்பா எதையும் மறக்கவில்லை.

சட்டையில் குத்தியிருந்த பட்டையைப் பார்த்தாள்.
கேட்பாள் என்று தெரியும்.
போதும்பொண்ணு.
எனக்கு மேலே மூன்று.
பெரியகுளம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று
யாரும் பெயர் யோசிக்கவில்லை.
பெருமூச்சு விட்டார்கள், அதையே எழுதிக்கொண்டார்கள்.
இரண்டு வருஷத்தில் தம்பி பிறந்தான்.
பெயர் வேலை செய்தது என்று ஊரே சொன்னது.
அவனுக்கு ஜோசியரிடம் போய் எழுத்து கேட்டார்கள்.

இதையெல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்வது?
இனாஃப், என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
ரசீதின் பின்பக்கம் ஓர் எழுத்துப் போட்டாள்:
மேலே சின்னப் பெட்டி, கீழே ஏதோ நடந்து போகிற மாதிரி.
எங்களுக்குப் போதும் என்பது இது.
குறைவில்லை என்றும் ஆகும்.
இதையே கால் என்றும் படிப்போம், என்று
தன் பூட்ஸைத் தட்டிக் காட்டினாள்.

ஆறுதலுக்கு அளக்கிறாள் என்று
பிற்பாடு செல்போனில் தேடினேன். பொய்யில்லை.
எங்களுக்கும் கால் என்றால் வெறும் கால் இல்லை,
நாலில் ஒன்று.
இதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை பாருங்கள்.

நெட் வந்தபோது நேரம் கடந்துவிட்டது என்று
எல்லாக் கட்டமும் காலி.
முதலிலிருந்து அடித்தேன்.

சாயங்காலம் இறக்கத்தில்
ஸ்கூட்டி வெளிச்சம் பத்தடி தாண்டவில்லை.
அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனேன்.
கசுமியோ கிரியோ ஒபோரோவோ,
மூன்றும் சேர்ந்த எங்கள் பனியோ,
முன்னால் ஊர் இல்லை, பாதை இல்லை.
குனிந்தால்
என் கால் மட்டும் தெரிந்தது.